தட்டுச் சத்தத்துக்கு ஓடிவந்த ஆறு குட்டிகள்

நாய் வளர்த்து விற்கும் வெங்கட்ராஜா எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். கொய்யா மரத்தடியில் சுருண்டு கிடந்த ஆறு வெள்ளை நாய்க்குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடிவந்து அவர் காலடியில் நின்றன. ஆறுக்கும் மூக்கு ரோஜா நிறம். தட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என் செருப்பை நக்க ஆரம்பித்தன.

"பாத்தியா அம்மாயி? ஆறுக்கும் காது கணீர்னு இருக்கு," என்றார் என் மருமகளிடம். அவர் வீட்டில் தெலுங்கு; அம்மாயி என்றால் பெண்ணே. "எங்க வீட்ல காது கேக்காத குட்டி பொறந்ததே கெடையாது. எழுதிக்கோ."

மாரீஸ்வரி எழுதிக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. காது கேட்காத குட்டி ஒன்றாவது கிடைக்காதா என்று ராஜபாளையம் முழுக்க அலைந்துகொண்டிருந்த ஒரே மனுஷி அவள்தான். அவளுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து அலைந்தவள் நான்.

காது கேட்காத நாய் எதற்கு?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் புரட்டுகிறவர்களுக்காக: நான் மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து, துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றவள். முனைவர் பட்டப் பதிவு, தலைப்பு மாற்றம், நெறியாளர் மாற்றம், கால நீட்டிப்பு எல்லாவற்றுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விதி எண் சொல்வேன். இதுவரை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். மருமகள் மாரீஸ்வரி செட்டியார்பட்டிக்காரி. அவளும் பேத்தியும் நானும் ராஜபாளையத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே அவள் உயிர்தகவலியலில் எம்.எஸ்சி. முடித்தவள். அந்தச் சான்றிதழ் ஒன்பது வருஷமாக பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு திட்டத்துக்கு ஆய்வாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நம் ஊர் வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. ஏன் என்று அவற்றின் மரபணுவில் தேட வேண்டும். அப்படியே முனைவர் பட்டத்துக்கும் பதிந்துகொள்ளலாம். மாரீஸ்வரி எனக்குத் தெரியாமல் விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய், தேர்வாகிவிட்டு வந்து சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாட்டி? படிவத்த நான் பாத்திருப்பேன்ல."

"அதுக்குத்தான் சொல்லல அத்தை."

தேர்வு தற்காலிகமானதுதான். மூன்று மாதத்துக்குள் காது கேட்கும் நாய்களிடமிருந்தும் கேட்காத நாய்களிடமிருந்தும் கன்னத்து எச்சில் மாதிரி எடுத்து, ஆய்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும். இல்லையென்றால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த வேலைக்கு வயது வரம்பு உண்டு. பெண்களுக்கு ஐந்து வருஷம் தளர்வு. தளர்வையும் சேர்த்து மாரீஸ்வரிக்கு மிச்சம் இருந்தது ஐந்தே மாதம். இதை விட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும், பிறகு எந்த விதி எண்ணைச் சொல்லியும் திறக்க முடியாது. இதை அவளைவிட நான் நன்றாக அறிவேன்.

ஏசி அறையின் கதை

உயிர்தகவலியல் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு கோப்பின் முகப்பில். புதுத் துறை தொடங்க வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். விலங்கியல் துறையிடம் கருத்துக் கேட்டோம். அது கணினி என்றார்கள். கணினித் துறையிடம் கேட்டோம். அது உயிரியல் என்றார்கள். கோப்பு இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. அப்புறம் அந்தத் துறையின் கணினிகளுக்காக ஏசி வைத்த அறை ஒன்று கட்டினார்கள். மதுரைச் சித்திரை மாதத்தில் வளாகத்திலேயே ஏசி உள்ள சில அறைகளில் அதுவும் ஒன்று. அடுத்த வாரமே இரண்டு துறைகளும் அது தங்களுடையதுதான் என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தன.

உயிருள்ள எல்லாவற்றின் செல்லுக்குள்ளும் நான்கே எழுத்துகளால் ஆன ஒரு நீளமான வரிசை இருக்கிறது. மனிதனுக்கும் நாய்க்கும் வாழைக்கும் அதே நான்கு எழுத்து, வரிசைதான் வேறு. கோடிக்கணக்கில் ஓடும் அந்த வரிசைகளைக் கணினியில் அடுக்கி, எங்கே எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு. நான் கணிதம் படித்தவள். அதனால் இது எனக்குப் புரிந்தது, பிடிக்கவும் செய்தது.

போன மாதம் இதைப் பற்றி ஒரு வரி எழுதியதற்கே செல்பேசியில் பல பெற்றோர் வந்துவிட்டார்கள். என் மகள் விலங்கியல், சேரலாமா? சேரலாம். என் மகன் கணினி அறிவியல், உயிரியலே தெரியாது? அவனும் சேரலாம், கொஞ்சம் கஷ்டப்படுவான். தாவரவியல், வேதியியல், கணிதம் படித்தவர்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள். முதுநிலை முடித்தபின் திட்டங்களில் ஆய்வாளராகச் சேரலாம். வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகவும் பதியலாம். அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று மட்டும் வாங்கிவிட வேண்டும். உலகத்து ஆய்வாளர்கள் கண்டெடுத்த மரபணு வரிசைகள் பொதுக் கிடங்குகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் செட்டியார்பட்டியில் உட்கார்ந்துகொண்டே இறக்கிப் பார்க்கலாம். மாரீஸ்வரி பேத்தியைத் தூங்க வைத்துவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் அவள் சீரியல் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

வேலை கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: மருந்து, விதை, நோய்ப் பரிசோதனை என்று பல இடங்களில் ஆள் தேடுகிறார்கள். உங்கள் பிள்ளைக்குக் கிடைக்குமா என்பது உங்கள் பிள்ளையைப் பொறுத்தது.

நானும் ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பப் படிவம் வாங்கினேன். நிரப்பவில்லை. பிறகு ஓய்வு பெறும்வரை மற்றவர்கள் நிரப்பிய படிவங்களில் பிழை பார்த்தேன்.

ஆறு பக்கப் படிவம்

நாயின் வாயில் பஞ்சுக்குச்சியை விடுவதற்கும் உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். அந்தப் படிவத்தை விலங்கு நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். இந்த இடத்தில் மாரீஸ்வரியால் என்னைத் தடுக்க முடியவில்லை. நானே எழுதினேன். ஆறு பக்கம். குறைசொல்ல ஓர் இடம் கிடையாது. குழு ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. நான்காம் பக்கத்தில் 'மேற்படி நாய்க்குக் காது கேளாமை உள்ளது / இல்லை' என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் சாட்சி கையெழுத்து. சாட்சி நான்தான். பெயருக்குக் கீழே துணைப் பதிவாளர், அடைப்புக்குறிக்குள் ஓய்வு. பழைய ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றும் கைவசம் இருந்தது. அதையும் குத்தினேன்.

முதலில் கையெழுத்துப் போட்டது வெங்கட்ராஜா. வெறும் தட்டைத் தட்டிக் காட்டிவிட்டு 'இல்லை' என்பதை அழுத்தமாக டிக் அடித்தார். ஒரு நகல் கேட்டார். விதிப்படி உரிமையாளருக்கு ஒரு நகல் உண்டு, கொடுத்தோம்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஆச்சரியமான வரவேற்பு. இரண்டு தெரு தள்ளியிருப்பவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவர் நான்கு நாய்களை வேனில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்தார். "ஆபீசரம்மா இருக்காகளா?" என்றுதான் கேட்டார்கள். எல்லோரும் தட்டைத் தட்டினார்கள், எல்லா நாயும் ஓடிவந்தது. மூன்று வாரத்தில் முப்பத்தொரு படிவம் சேர்ந்தது. முப்பத்தொன்றிலும் 'இல்லை'.

ஒரு நாள் மாரீஸ்வரி கடைக்குப் போய்விட்டு வந்தாள். பையை இறக்கி வைக்கவில்லை.

"அத்தை, வெங்கட்ராஜா மாமா வீட்டு கேட்ட பாத்தியளா?"

"என்ன?"

"ஒங்க நாலாம் பக்கமும் ஆறாம் பக்கமும் லேமினேட் பண்ணித் தொங்குது. மேல 'அரசு காது பரிசோதனைச் சான்று'ன்னு போர்டு. நாம ஊர் பூரா சர்டிபிகேட் குடுத்துக்கிட்டு இருக்கோம்."

"ஸ்டாம்ப் குத்தியிருக்கக் கூடாது," என்றேன்.

"செத்த நேரம் சும்மா இருங்க அத்தை. நான் யோசிக்கணும்."

யோசிக்க ஒன்றுமில்லை. ஒப்பிட இரண்டு பக்கமும் வேண்டும். அவளிடம் ஒரே பக்கம்தான் இருந்தது. ஆய்வுக் குழுக் கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

கறுப்புக் கயிறு

மறுநாள் காலை மறுபடியும் வெங்கட்ராஜா வீட்டுக்குப் போனோம். முந்தைய முறை குட்டிகள் அப்போதுதான் பால் குடித்திருந்தன. வாயில் தாயின் பால் இருந்தால் மாதிரியில் தாயும் கலந்துவிடும் என்பதால் எச்சில் எடுக்கவில்லை. அந்தச் சாக்கில் போனோம். என் எண்ணம் போர்டைக் கழற்றச் சொல்வது. மாரீஸ்வரி குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஈற்றுக் குட்டிகளை அடையாளம் தெரிய ஆளுக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவது இங்கே வழக்கம்.

வெங்கட்ராஜா வழக்கம்போல் தட்டைத் தட்டினார். ஐந்து குட்டிகள் எழுந்தன. கறுப்புக் கயிறு கட்டிய பெட்டைக் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிற அவசரத்தில் ஒன்று அதன் வயிற்றில் மிதித்தது. அது துள்ளி எழுந்து, மற்றவை போகும் திசையைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஓடியது. எங்கள் பல்கலைக்கழகக் குழுக் கூட்டங்களில் பாதிப் பேர் தீர்மானத்துக்குக் கை தூக்கியது இப்படித்தான்.

"மாமா, ஒவ்வொண்ணாத் தனியாப் பாப்பமா?" என்றாள் மாரீஸ்வரி.

"எதுக்கு? அதான் ஓடி வருதே."

"சும்மா. ஒரு தடவ."

சிமெண்ட் தரையின் அதிர்வைக் குட்டி உணர்ந்துவிடும் என்று நான்காக மடித்த சாக்கு விரித்தாள். முதல் குட்டியைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தோம். பின்னாலிருந்து தட்டினார், சட்டென்று திரும்பியது. அடுத்ததும் அப்படியே. கறுப்புக் கயிறு ஐந்தாவது. தட்டினார். அது சாக்கின் நூலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"தூக்கக் கலக்கம்," என்றார். இன்னும் கிட்டே போய்த் தட்டினார். நூலைக் கடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை அடித்த அடியில் தட்டு நெளிந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி சீதம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏமண்டி, தட்ட ஒடைக்கவா போறிய?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். இருப்பதிலேயே அழகான குட்டி அது; கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் பேசி வைத்திருந்தது.

"எங்கய்யா இப்படித்தான் பாப்பாரு," என்றார் கடைசியில். "நானும் இப்படித்தான் பாக்கேன்." பிறகு எங்களைப் பார்க்காமலேயே, "சரி, நீங்க கெளம்புங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் மாற்று ஏற்பாடுகளை அடுக்கினேன்: ஆய்வுக் குழுவுக்குக் கால அவகாசக் கடிதம், நெறியாளரின் பரிந்துரை, சிறப்பு விதி.

"விதி கெடக்கட்டும் அத்தை. அவரு மொகத்தப் பாத்தியளா? எனக்கு ஒரு காது கேக்காத குட்டி கெடச்சிருச்சேன்னு அங்கனயே சந்தோஷமா இருந்துச்சு. அதான் வெக்கமா இருக்கு."

ஒரு பக்கம்

நான்காம் நாள் காலையில் வெங்கட்ராஜா வந்தார். கேட்டில் தொங்கிய லேமினேட் தாள் கையில் இருந்தது. மேஜையில் குப்புற வைத்தார்.

"பதினோரு நாயையும் தனித்தனியாப் பாத்துட்டேன் அம்மாயி. மூணு கேக்கல. முந்தி ஒருத்தன் குட்டியத் திருப்பிக் கொண்டாந்தான், கூப்பிட்டா வரலைன்னு. ஒனக்கு வளக்கத் தெரியலன்னு வைஞ்சு வெரட்டிட்டேன். நேத்து அவனுக்குப் போன் போட்டேன்."

"என்ன சொன்னாரு மாமா?"

"நல்லா இருக்காம். கையக் காமிச்சாப் போதுமாம், எங்க இருந்தாலும் ஓடியாந்துருமாம்." "எந்த ஜோடியச் சேக்கக் கூடாதுன்னு ஒன் கம்ப்யூட்டர் சொல்லுமா?"

இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சித் திட்டங்களில் எல்லோரும் 'ஆம்' என்றுதான் எழுதுவார்கள். அப்படிப்பட்ட திட்டங்களை நான் அலமாரி கணக்கில் பார்த்திருக்கிறேன்.

"இப்பச் சொல்லாது மாமா. கேக்குற நாயி, கேக்காத நாயி ரெண்டும் நெறைய இருந்தாத்தான் தேடவே முடியும். மூணு நாலு வருஷம் ஆகலாம். கடைசில ஒண்ணும் கெடைக்காமலும் போகலாம்."

"சரே," என்றார். "நான் குடுக்கேன். நாலு பேருக்குச் சொல்லவும் செய்றேன். ஆனா இந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேன். என் பேரோட 'உள்ளது'ன்னு டிக் அடிச்சா, பொறவு எவன் எங்கிட்டக் குட்டி வாங்குவான்? யாரும் போட மாட்டான். ஆபீசரம்மா கோவிச்சுக்கப்படாது."

கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன். அன்று மத்தியானம் முழுவதும் கோபித்துக்கொண்டே என் ஆறு பக்கத்தை ஒரு பக்கமாக வெட்டினேன். 'உள்ளது / இல்லை' வரி போயிற்று. நாய்க்குப் பெயரில்லை, கயிற்றின் நிறமும் ஒரு எண்ணும் மட்டும். வீட்டுப் பெயர் தனி உறையில், நெறியாளரின் பூட்டிய அலமாரியில். முடிவு உரிமையாளருக்கு மட்டும் சொல்லப்படும். சாட்சிக்கு இடமே இல்லை. படித்துப் பார்த்த மாரீஸ்வரி, "இது நல்லாயிருக்கு அத்தை," என்றாள். நான் எழுதிய எதையும் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

ஆனால் மாற்றிய படிவத்தை நெறிமுறைக் குழு ஒப்பும்வரை எந்த நாயையும் தொடக்கூடாது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அங்கேதான் என் காலம் வந்தது. நாய்க்குத் தீங்கில்லாத சிறு திருத்தம் என்றால், கூட்டம் போடாமல் உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விட்டே ஒப்புதல் பெறலாம் என்று அவர்கள் விதிகளிலேயே ஒரு வரி இருந்தது. வழக்கம்போல் அந்த வரியை யாரும் படித்திருக்கவில்லை. நெறியாளர் கடிதம் வைத்தார். ஒன்பதாம் நாள் ஒப்புதல் வந்தது.

பிறகு நாய்கள் வந்தன. போர்டு இல்லாமல், வேன் இல்லாமல், காலையில் நடை கூட்டிப் போகிற மாதிரி வந்தன. கேட்காத நாய்களை விற்காமல் தோட்டத்துக்குக் கொடுத்திருந்தார்கள். கான்சாபுரத்தில் ஒரு தென்னந்தோப்பில் மட்டும் இரண்டு இருந்தன. பழைய முப்பத்தொன்றையும் சாக்கில் உட்கார வைத்து மறுபடி பார்த்ததில் ஐந்து கட்சி மாறின. கால்நடை மருத்துவர் கருவி வைத்து ஒவ்வொன்றையும் உறுதிசெய்தார். ஆய்வுக் குழுக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் கேட்காதவை பதினான்கு.

குழுவின் முன்

ஆய்வுக் குழு அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. நடந்ததை மாரீஸ்வரிதான் சொன்னாள். மூன்று உறுப்பினர்களில் ஒருவர் தாள்களைப் புரட்டிவிட்டு, முதல் முப்பத்தொரு பதிவுகளில் ஐந்தை ஏன் அடித்து எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். வேறு யாராவது என்றால் தட்டச்சுப் பிழை என்று சொல்லியிருப்பார்கள். இவள் தட்டையும், கூட்டத்தோடு ஓடிய குட்டியையும், கேட்டில் தொங்கிய சான்றிதழையும் ஒன்று விடாமல் சொன்னாளாம்.

"அந்த மொதப் படிவத்த எழுதினது யாரு?"

"எங்க வீட்ல ஒருத்தங்க சார்."

"அனுபவம் இல்லாதவங்களா?"

"இல்ல சார். ரொம்ப அனுபவம் உள்ளவங்க."

சிரித்துவிட்டார்களாம். இதை அவள் என்னிடம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். பிறகு அந்த உறுப்பினர், தவறை எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதையே ஆய்வேட்டின் முதல் அத்தியாயமாக எழுது என்றாராம். பதிவுக்குப் பரிந்துரை செய்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வயது வரம்புக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது.

பணியில் சேர்ந்த அன்று நானும் கூடப் போனேன். சேர்க்கை அறிக்கை மூன்றே வரி. அவளே எழுதினாள். மேஜையின் இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் படித்துப் பார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லை. அலுவலர் வாங்கிக்கொண்டு, ஆய்வகம் மாடியில் என்று கை காட்டினார். படியேறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் வந்து சேர, பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வர நேரம் சரியாக இருந்தது.

"அம்மா எங்க ஆச்சி?"

"வேலைக்குப் போயிருக்கா."

"நாளைக்கும் போவாளா?"

"நாளைக்கும் போவா. மூணு வருஷம் போவா," என்றேன். அப்புறம் குழந்தையிடம் அரைகுறையாகத் தகவல் சொல்வது முறையல்ல என்று தோன்றியதால், "விதிப்படி அதுக்கு மேலயும் நீட்டிக்கலாம்," என்று சேர்த்துச் சொன்னேன்.